கிறிஸ்டன் நைகார்டு: பொதுவும் தனியும் வகுத்த நார்வே அறிஞர்

மேல்நிலை வகுப்பில் கணிப்பொறி அறிவியல் பயிலும் நம் மாணவியருக்கு இனக்குழு, பொருள் என்னும் இரு சொற்களும் நன்கு தெரிந்தவையே. ஆயினும் இனக்குழு மாறி எது, சான்றுரு மாறி எது என்று ஆசிரியை கேட்டுவிட்டால் வகுப்பில் ஓர் அமைதி நிலவுவதை நாம் கண்டிருக்கிறோம். இவ்விரு மாறிகளுக்கும் ஊற்றாக விளங்கும் எண்ணத்தை உலகிற்கு அளித்தவர்கள் நார்வே நாட்டு அறிஞர் இருவர். ஒருவர் கிறிஸ்டன் நைகார்டு; மற்றவர் ஓலெ-யோஹான் டால். இருவருள் மூத்தவரான நைகார்டின் வாழ்க்கையை ஈண்டு நாம் காண்போம். பனிநாட்டு மனிதர் ஒருவரைப் பற்றிப் பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் நாம் அறிந்து ஆவதென்ன என்று சிலர் எண்ணக்கூடும். நைகார்டு பிறந்தது மீன்பிடித் தொழிலையே பெரிதும் நம்பியிருந்த கடற்கரை நாட்டில். கடல் யாருக்குரியது என்ற வழக்கில் அவர் தம் நாட்டு மீனவருடன் ஒரே அணியில் நின்றவரும் ஆவார். ஆகவே அவர் நமக்கு அத்தனை தூரத்து உறவு அல்லர்.

அவர் 1926ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் ஆஸ்லோ நகரில் பிறந்தார். பதின்மூன்று வயதில் தம் நாடு ஜெர்மானியர் கைக்குச் சென்றதையும், பதினெட்டு வயதில் விடுதலை பெற்றதையும் கண்டார். கணிதத்தில் பெருவிருப்பம் கொண்டிருந்த அவர் 1948இல் கட்டாயப் படைப்பணிக்காகப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். அங்குத்தான் அவருடைய வாழ்வின் திசை அமைந்தது.

அக்காலத்தில் நார்வே தன் முதல் அணு உலையைக் கட்டிக்கொண்டிருந்தது. உலைக்குள் ஓடும் நியூட்ரான் துகள்களில் எத்தனை யுரேனியத்தால் விழுங்கப்படும், எத்தனை தப்பிச் செல்லும் என்று முன்னதாகவே கணக்கிட வேண்டியிருந்தது. வழக்கமான கணித முறையில் முயன்றபோது கணக்கு நீண்டுகொண்டே போயிற்று. இளைஞர் நைகார்டு வேறு வழியைப் புகுத்தினார். ஒவ்வொரு துகளும் அடுத்து என்ன செய்யும் என்பதைச் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பதைப் போலத் தற்செயல் எண்களைக் கொண்டு தீர்மானிப்பது; அவ்வாறு பல துகள்களின் பயணத்தைத் தாளில் எழுதி, முடிவில் கூட்டிப் பார்ப்பது. இதற்கு மான்டி கார்லோ முறை என்று பெயர். மின்கணிப்பொறி இல்லாத அந்நாளில் இவ்வளவும் கையாலேயே நடைபெற்றன. 1956இல் ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் அவர் பெற்ற முதுகலைப் பட்டத்திற்கும் இதுவே பொருளாயிற்று.

இங்கு நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். துகள்கள் அனைத்திற்கும் இயற்கை விதி ஒன்றே. ஆனால் ஒவ்வொரு துகளும் இருக்கும் இடம் வேறு, வேகம் வேறு. விதியை ஒருமுறை எழுதினால் போதும். இடத்தையும் வேகத்தையும் துகளுக்குத் துகள் தனித்தனியே எழுதியாக வேண்டும். பிற்காலத்தில் புகழ்பெற்ற எண்ணத்தின் விதை அந்தக் கணக்குத் தாள்களிலேயே கிடந்தது என்பது எங்கள் கருத்து.

1952 முதல் அவர் செயல்முறை ஆய்வு என்னும் துறையில் முழுநேரமும் ஈடுபட்டார். வரிசையில் நிற்பவர் எவ்வளவு நேரம் காத்திருப்பர், துறைமுகத்தில் எத்தனை கப்பல் தங்கும், தொழிற்சாலையில் எங்கே வேலை தேங்கும் என்றெல்லாம் ஆராய்வது அத்துறை. இத்தகைய நடப்புகளைக் கணிப்பொறிக்குள் நடத்திக்காட்ட அக்கால மொழிகள் ஏற்றவையாக இல்லை. அவை எண்களைக் கூட்டவும் பெருக்கவும் அறிந்தவை. கப்பலையும் வரிசையையும் அறியாதவை. 1960இல் ஆஸ்லோவில் உள்ள நார்வேஜியக் கணிப்பு மையத்திற்கு மாறிய நைகார்டு, 1961இல் இதற்கென்றே ஒரு மொழி வேண்டும் என்று முடிவு செய்தார். கருத்து அவரிடம் இருந்தது. மொழி கட்டும் நுட்பம் போதவில்லை. அதனைக் கைவரப்பெற்றிருந்தவர் முன்பு தம்முடன் பணிபுரிந்த ஓலெ-யோஹான் டால். இவ்வாறு இருவரும் இணைந்தனர்.

இருவரும் இருவேறு இயல்பினர். டால் அமைதியானவர், இசைப்பிரியர். நைகார்டோ உரத்த குரலும் பெருத்த ஊக்கமும் உடையவர். 1967இல் மையத்திற்குப் புதிதாக வந்த ஊழியர் ஒருவர், மாடியில் கரும்பலகைக்கு முன் இரண்டு பேர் கடுமையாகச் சண்டையிடுகின்றனர் என்று தொலைபேசி இணைப்பு தரும் பெண்மணியிடம் பதறியோடி வந்து கூறினாராம். அப்பெண்மணி வெளியே வந்து சற்றே செவிமடுத்துவிட்டு, அஞ்ச வேண்டாம், டாலும் நைகார்டும் தங்கள் மொழியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று சொல்லி இருக்கைக்குத் திரும்பிவிட்டார்.

தொடக்கத்தில் மையத்தில் எதிர்ப்பு இல்லாமல் இல்லை. அத்தகைய மொழியால் பயனில்லை என்றனர் சிலர். பயன் உண்டு, ஆனால் வேறு எவரோ முன்பே செய்துவிட்டனர் என்றனர் வேறு சிலர். எண்ணமே சரியில்லை என்றவர்களும் உண்டு. இப்படிப்பட்ட வேலைகளெல்லாம் பெரும்பணம் படைத்த பெரிய நாடுகளுக்கே உரியவை, நார்வேயைப் போன்ற சிறிய நாட்டிற்கு ஏற்றதன்று என்பது மற்றொரு வாதம். இந்தக் கடைசிச் சொல்லைச் சிற்றூர்களில் பிறந்த நாமும் பலமுறை பலர் வாயிலாகக் கேட்டிருக்கிறோம் அன்றோ!

நைகார்டு வாதத்தோடு நிற்கவில்லை. வணிகத்திலும் வல்லவராக விளங்கினார். 1962இல் அமெரிக்கா சென்றபோது, யூனிவாக் நிறுவனத்தாரிடம் தம் மொழியைப் பற்றி எடுத்துரைத்தார். அவர்கள் அதில் ஆர்வம் கொண்டனர். மொழியை உருவாக்கித் தருவதும் பேரத்தில் ஒரு பகுதியாக, யூனிவாக் 1107 என்னும் பெரிய கணிப்பொறியை மையம் ஏறக்குறையப் பாதி விலைக்குப் பெற்றது. 1963 ஆகஸ்டில் அப்பொறி ஆஸ்லோ வந்து சேர்ந்தது. 1965 தொடக்கத்தில் சிமுலா என்னும் மொழி பயனுக்கு வந்தது.

அதனோடு இருவரும் மனநிறைவு அடையவில்லை. பாலம் ஒன்றின் சுங்கச்சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்பதாக ஒரு கணக்கு அவர்களை வருத்திற்று. லாரி வேறு, பேருந்து வேறு. எனினும் வரிசையில் நிற்கும் வகையில் இரண்டும் ஒன்றே. பொதுவானதை இருமுறை எழுதுவானேன்? 1966ஆம் ஆண்டின் இறுதியில் விடை கிடைத்தது. ஊர்தி என்பதற்கு ஓர் இலக்கணம் எழுதிவிட வேண்டும். லாரியும் பேருந்தும் அதனை முன்னொட்டாகக் கொண்டு, தமக்கே உரியதை மட்டும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அந்த இலக்கணத்திற்குத்தான் அவர்கள் கிளாஸ் என்று பெயரிட்டனர். நம் பாடநூல் அதனை இனக்குழு என்கிறது. 1967 மே மாதம் ஆஸ்லோவை அடுத்த லீசெபூ என்னுமிடத்தில் கூடிய அறிஞர் மாநாட்டில் இக்கருத்து முதன்முதலாக வெளியாயிற்று. அந்த ஆண்டைக் கொண்டே சிமுலா 67 என்ற பெயர் வழங்குகிறது.

இதனை நம் ஏரியில் வைத்துப் பார்ப்போம். கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்னும் வழக்கம் நெடுங்காலமாக நிலவி வருவதை நாம் அறிவோம். முகத்துவாரத்தை ஒட்டி இறால் வரும் நீர்ப்பகுதிகளில் யார் என்றைக்கு வலை கட்டலாம் என்பதற்கு முறை உண்டு. இன்று ஒருவர் முறை, நாளை மற்றவர் முறை. அந்த முறை ஊருக்குப் பொது. எந்த ஒரு படகுக்காரரின் வீட்டிலும் அது தனியே கிடையாது. ஊர்ப் பெரியவர்கள் கூடி மாற்றினால் எல்லாருக்கும் ஒருசேர மாறும். ஆனால் இன்று வலையில் ஏறிய இறால் எத்தனை கிலோ என்பது அந்தந்தப் படகின் கணக்கு. ஒரு படகில் பத்து கிலோ ஏறினால் அடுத்த படகின் கூடையில் அது போய் விழாது.

படகு என்பது இனக்குழு. கரையில் நிற்கும் ஒவ்வொரு படகும் ஒரு பொருள். படகின் பெயர், உரிமையாளர், அன்றைய பிடிபாடு ஆகியவை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இவையே சான்றுரு மாறிகள். எத்தனை படகு இருந்தாலும் ஒரே ஓர் இடத்தில் நின்று அனைத்திற்கும் பொதுவாக விளங்குவது இனக்குழு மாறி.

பொதுவானதை ஏன் பொதுவில் வைக்க வேண்டும்? ஒவ்வொரு படகிலும் ஒரு படி எழுதி வைத்தால் கெடுதி என்ன? தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முன்பு அது 45 நாள். 2017 முதல் 61 நாளாக, ஜூன் 14 வரை, நீட்டிக்கப்பட்டது. காசிமேட்டில் உள்ள விசைப்படகுகள் அனைத்தையும் ஒரு நிரலில் எழுதி, ஒவ்வொரு படகிலும் 45 என்று தனித்தனியே குறித்திருந்தால், அந்த ஆண்டு ஒவ்வொன்றாகத் திருத்தியாக வேண்டும். ஒரே ஒரு படகு விடுபட்டாலும், தடைக்காலத்தில் கடலுக்குப் போகலாம் என்று கணிப்பொறி அதற்கு விடை தரும். பொதுவில் ஒருமுறை 61 என்று மாற்றினால் வேலை தீர்ந்தது.

தவறு எதிர்ப்புறமாகவும் நேரலாம். தனியாக இருக்க வேண்டியதைப் பொதுவில் வைத்துவிட்டால் வேடிக்கையாகிவிடும். பிடித்த மீனைப் போடும் கூடையை இனக்குழுவில் வைத்த ஒரு பைதான் நிரலை நினைத்துப் பாருங்கள். ஒரு படகுக்காரர் இரண்டு மடவை போடுகிறார்; மறுகணம் ஊரிலுள்ள எல்லாப் படகிலும் இரண்டு மடவை! ஏனெனில் கூடை ஒன்றே. ஒவ்வொரு படகும் பிறக்கும்போது அதற்கென ஒரு புதுக்கூடை கொடுப்பதே முறை.

பைதானில் இன்னுமொரு சிக்கல் உண்டு. தேர்வுக்கு இதுவே முக்கியம். பொதுவில் 61 என்று இருக்கும்போது, ஒரு படகின் வழியாக அதனைப் படித்தால் 61 என்றே வரும். ஆனால் அந்தப் படகின் வழியாக 50 என்று எழுதினால் பொது மதிப்பு மாறாது. அந்தப் படகிற்கு மட்டும் 50 என்று ஒரு தனி மாறி தோன்றி, பொதுவானதை மறைத்துக்கொள்ளும். பிறகு பொதுவில் என்ன மாற்றினாலும் அந்தப் படகு கேளாது. ஜாவா மொழியில் இதற்கு நேர்மாறு. அங்கு ஸ்டாடிக் என்று குறித்த மாறியைப் படகின் வழியாக மாற்றினாலும் எல்லாப் படகிற்கும் மாறிவிடும். ஆகையால் பொது மதிப்பை மாற்றும்போது இனக்குழுவின் பெயரையே எழுதி மாற்றுவது எங்கும் நல்லது.

இவ்விடத்தில் ஒரு செய்தியை மறைக்காமல் சொல்ல வேண்டும். சிமுலா 67இல் இனக்குழு மாறி என்று தனியாக ஒன்று இல்லை. இனக்குழுவுக்குள் எழுதிய மாறி யாவும் ஒவ்வொரு பொருளுக்கும் உரியவை. பொதுவானது வேண்டுமானால் இனக்குழுவைச் சூழ்ந்துள்ள வெளிப்பகுதியில் அதனை எழுதிக்கொள்வர். உள்ளே பிறந்த பொருள்களெல்லாம் அதனைக் காணும். படகுகளுக்கு வெளியே ஊர் இருப்பதைப் போல என்று கொள்ளலாம். 1966இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆலன் கே என்னும் மாணவர், வேறேதோ மொழி என்று எண்ணிப் பிரித்த நாடாவில் முதல் சிமுலாவைக் கண்டு வியந்தார். அவரும் அவருடைய தோழர்களும் பின்னர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில்தான் இவ்விருவகை மாறிகளும் இன்றுள்ள பெயர்களுடன் நிலைபெற்றன. டென்மார்க்கைச் சேர்ந்த ஸ்ட்ரூஸ்ட்ரப், கேம்பிரிட்ஜில் சிமுலாவைப் பயன்படுத்திப் பார்த்த பட்டறிவைக் கொண்டே பிற்பாடு சி பிளஸ் பிளஸ் மொழியைப் படைத்தார். நைகார்டோ வெளிப்பகுதி முறையை விட்டுவிடவில்லை. டென்மார்க் நண்பர்களுடன் 1970களில் தொடங்கிய பீட்டா என்னும் மொழியில் அதனையே மேலும் வளர்த்தார்.

புகழ் வந்த நேரத்தில் அவர் மனம் அமைதி கொள்ளவில்லை. சிமுலாவைக் கொண்டு தொழிற்சாலைகளின் வேலையைத் திட்டமிடத் தொடங்கினர். திட்டத்தைத் தீட்டுவோர் முதலாளிமார். அதன்படி நடக்க வேண்டியவர் தொழிலாளர். கணிப்பொறிக்குள் தாம் எவ்வாறு வரையப்பட்டிருக்கிறோம் என்பதே தொழிலாளருக்குத் தெரியாது. தம் கண்டுபிடிப்பு எளியவரின் கையைக் கட்டிவிடுமோ என்று நைகார்டு கவலையுற்றார். 1970களின் தொடக்கத்தில் நார்வே இரும்பு மற்றும் உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து, கணிப்பொறி என்றால் என்ன, ஆலையில் அது எதை மாற்றும் என்று தொழிலாளரே ஆராயும்படி செய்தார். அவர்களுக்கென்று பாடநூல்களும் எழுதப்பட்டன. புதிய கணிப்பொறி முறைகளைப் புகுத்துமுன் தொழிலாளரிடம் கலந்துகொள்ள வேண்டும் என்ற உடன்பாடு 1975இல் நார்வே முழுமைக்கும் ஏற்பட்டதற்கு இப்பணி வழிகோலியது.

எது பொது, எது தனி என்று வரைபவர் யார் என்பதே அங்கு வழக்கு. நம் ஏரியின் பாட்டிலும் அந்தக் கேள்வி இல்லாமலில்லை. பாட்டுப் பட்டியலில் இடம்பெறுவன ஆண்களின் பெயர்கள். கழியில் இறங்கிக் கையால் இறால் தடவும் பெண்களுக்கும், பாட்டில் பங்கு பெறாத மற்றக் குப்பத்தாருக்கும் அந்தப் பட்டியலில் வரி இல்லை. பட்டியல் எழுதப்பட்ட நாளில் அவர்கள் அங்கு இல்லை என்பதைத் தவிர இதற்குக் காரணம் வேறென்ன கூற முடியும்?

அரசியலிலும் நைகார்டு சளைக்கவில்லை. ஐரோப்பியப் பொதுச்சந்தையில் நார்வே சேர வேண்டுமா என்று 1972இல் மக்கள் வாக்கெடுப்பு நடந்தது. உறுப்பு நாடுகளின் கடலில் அனைவரும் மீன்பிடிக்கலாம் என்ற விதியைப் பொதுச்சந்தை 1970இல் இயற்றியிருந்ததால் நார்வே மீனவர் கலங்கினர். கரைக்கு அருகே சிறு படகில் பிழைப்பவர் முன், பிற நாடுகளின் பெரிய இழுவைக் கப்பல்கள் வந்து நின்றால் என்னாவது? சேரக் கூடாது என்று உழைத்த இளைஞர் அமைப்புகளை ஒருங்கிணைக்கும் பணியை நைகார்டு ஏற்றார். 53.5 விழுக்காட்டினர் வேண்டாம் என்றனர். 1994இல் மீண்டும் அதே வினா எழுந்தபோது, எதிர்ப்பு இயக்கத்தின் தலைவராகவே அவர் விளங்கினார். நவம்பர் 28ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் 52.2 விழுக்காடு மறுத்தது. வடகோடியில் மீனவர் நிறைந்த பின்மார்க் மாநிலத்தில் மறுத்தவர் 70 விழுக்காட்டிற்கும் மேல். அவர் செய்தது சரியா தவறா என்று அந்நாட்டார் இன்றும் வாதிடுகின்றனர். அதற்குத் தீர்ப்புச் சொல்வது நம் வேலையன்று. ஆனால் கடல் விதியை எங்கே வைப்பது, ஊரிலா, நாட்டிலா, நாடுகளின் கூட்டத்திலா என்று கேட்டவர், மாறியை எங்கே வைப்பது என்று பல்லாண்டு சிந்தித்த அதே மனிதர் என்பதை எண்ணிப் பார்க்கிறோம்.

குடிப்பழக்கத்தால் சமூகம் கைவிட்ட மனிதர்க்கு வாழ்விடம் அமைக்கும் முயற்சி ஒன்றையும் அவர் முன்னின்று நடத்தினார். இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்திலும் பொறுப்பு வகித்தார். ஆஸ்லோ பல்கலைக்கழகத்தில் 1996 வரை பேராசிரியராகப் பணியாற்றினார்.

பரிசுகள் காலந்தாழ்ந்தே வந்தன. 2000இல் நார்வே அரசின் புனித ஓலாவ் விருதும், கணிப்பொறித் துறையின் நோபல் எனத்தக்க டூரிங் விருது 2001ஆம் ஆண்டிற்காகவும், ஜான் வான் நாய்மன் பதக்கம் 2002இலும் டாலுக்கும் அவருக்கும் சேர்த்தே அளிக்கப்பட்டன. அப்போது டால் நோயுற்றிருந்தார். 2002 ஜூன் 29ஆம் நாள் அவர் மறைந்தார்.

நைகார்டு அந்நாளில் ஒரு புதிய வேலையில் மூழ்கியிருந்தார். பொருள்நோக்கு நிரலாக்கத்தைத் தொடக்க மாணவர்க்குக் கற்பிக்கும் முறையை மாற்ற வேண்டும் என்பது அவர் விருப்பம். இரண்டு வரிச் சிறுகணக்கில் தொடங்குவதால்தான் மாணவர் இனக்குழு எதற்கு என்று அறியாமல் தடுமாறுகின்றனர். முதல் நாளிலேயே பரிமாறுபவர், சமையற்காரர், உண்ண வந்தோர் என அனைவரும் நடமாடும் ஓர் உணவு விடுதியை அவர்முன் வைக்க வேண்டும் என்று அவர் எடுத்துரைத்தார். அதற்கான ஆராய்ச்சி, அவருடைய மொழியின் பெயரையே தாங்கிய சிமுலா ஆராய்ச்சிக்கூடத்தில் நடைபெற்றுக்கொண்டிருந்தது. டால் மறைந்து ஆறு வாரங்களில், 2002 ஆகஸ்டு 10ஆம் நாள், மாரடைப்பால் நைகார்டும் காலமானார். அவருக்கு அப்போது வயது 75.